கரையும் செம்பும் ஓடும் கப்பலும்

காற்றடைத்த ரப்பர்ப் படகுகளை இன்று பல இடங்களில் காணலாம். வெள்ளத்தில் சிக்கியவர்களை மீட்பவர்களும், கடலோரக் காவற்படையினரும், பாய்ப்படகில் உலகைச் சுற்றுபவர்களும் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள். அத்தகைய படகு ஒன்றைத் துறைமுகத்தின் உப்பு நீரில் ஒரு மாதம் கட்டி வைத்துவிட்டு, பிறகு கரையேற்றிப் புரட்டிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். வழவழப்பாக இருந்த அடிப்பாகம் பச்சைத் தாடி வளர்த்திருக்கும். தாடிக்கு நடுவே கைவிரலைக் கீறிவிடும் சிறு சிறு சுண்ணாம்புக் கூடுகள் ஒட்டியிருக்கும். இஞ்சின் அதே இஞ்சின், எண்ணெயும் அதே அளவு. ஆனால் படகின் வேகம் பாதியாகக் குறைந்திருக்கலாம்.

இது ரப்பர்ப் படகுக்கு மட்டும் வந்த தொல்லை அன்று. மனிதன் கடலில் கலம் விட்ட நாள் முதல் அவனுடன் கூடவே வரும் தொல்லை இது. இதை ஒழிக்க ஈயம், செம்பு, நஞ்சுப் பூச்சு என்று அவன் ஒன்றன்பின் ஒன்றாக முயன்ற வரலாறு மிகவும் சுவையானது. பொறியியல், மின்வேதியியல், உயிரியல் மூன்றும் சந்திக்கும் வரலாறு அது. ஒரு நோய்க்குத் தரும் மருந்து வேறொரு நோயை எப்படி உண்டாக்குகிறது என்பதையும் அது நமக்குக் கற்பிக்கிறது. அதை இக்கட்டுரையில் காண்போம்.

ஒட்டுவது யார்?

தூய்மையான ஒரு பலகையைக் கடல்நீரில் அமிழ்த்தினால், சில நிமிடங்களிலேயே நீரில் கரைந்துள்ள புரதங்களும் சர்க்கரைப் பொருள்களும் அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகப் படிகின்றன. ஒரு நாளைக்குள் பாக்டீரியாக்கள் அந்தப் படலத்தில் குடியேறுகின்றன. டயாட்டம் எனப்படும் ஒற்றைச் செல் பாசிகள் அவற்றைத் தொடர்கின்றன. இவை எல்லாம் சேர்ந்து வழுக்கும் சளிபோன்ற ஓர் அடுக்கை உண்டாக்குகின்றன. அதன்பின் பெரிய பாசிகளின் வித்துகளும், குழாய்ப் புழுக்களும், சிப்பிகளும், கொட்டலசுகளும் வந்து சேர்கின்றன.

பார்னகிள் என்று ஆங்கிலத்தில் அழைக்கப்படும் கொட்டலசுதான் இக்கூட்டத்தின் தலைவன். சுண்ணாம்புக் கூட்டுக்குள் வாழ்வதால் இதை நத்தை, சிப்பி ஆகியவற்றின் இனம் என்றே நெடுங்காலம் கருதி வந்தனர். இது இறால், நண்டு ஆகியவற்றின் உறவு என்பதை, அதன் இளம் பருவத்தை ஆராய்ந்து 1830ஆம் ஆண்டில் வெளியிட்டவர் ஜான் வான் தாம்சன். பரிணாமக் கொள்கையைத் தந்த சார்லஸ் டார்வின் 1846 முதல் 1854 வரை எட்டு ஆண்டுகளை இந்த ஒரே உயிரினத் தொகுதியை ஆராய்வதில் செலவிட்டார் என்றால் அதன் சிறப்பை நாம் உணரலாம்.

கொட்டலசின் இளம் உயிரி முதலில் நீரில் மிதந்து திரிகிறது. கடைசி இளம் பருவத்தில் அது உணவே உண்பதில்லை. அப்போது அதற்கு ஒரே ஒரு வேலைதான் உண்டு. குடியிருக்க இடம் தேடுவது. தன் உணர்கொம்புகளால் பரப்பின்மேல் நடந்து நடந்து சோதிக்கும். இடம் பிடித்துவிட்டால் ஒருவகைப் பசையைச் சுரந்து தலையை அங்கே ஒட்டிக்கொள்ளும். பிறகு அந்த இடத்தை விட்டு நகர்வதில்லை. தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொண்டு, இறகு போன்ற கால்களை வெளியே நீட்டி உணவை வாரிக்கொள்ளும். நீரிலே ஒட்டும் இப்பசையைப் போன்ற ஒன்றைச் செய்வது இன்றும் வேதியியலாருக்கு ஒரு சவால்தான்.

ஈயத்தகடு

மரக்கப்பல் காலத்தில் இந்த ஒட்டுயிர்களைவிடப் பெரிய பகைவன் ஒன்று இருந்தது. அதுதான் கப்பல் புழு. பெயரில் புழு என்றாலும் உண்மையில் இது சிப்பி இனத்தைச் சேர்ந்தது. உடல் புழுப்போல நீண்டு, தலைப்பக்கத்தில் இரண்டு சிறு ஓடுகளைக் கொண்டிருக்கும். அந்த ஓடுகளால் மரத்தை அராவி உள்ளே சுரங்கம் தோண்டும். வெளியே பார்த்தால் ஊசித் துளைதான் தெரியும். உள்ளே பலகை தேனடைபோல் ஆகியிருக்கும்.

இதைத் தடுக்கப் பழங்காலத்தவர் ஈயத்தகட்டை நாடினர். சைப்ரஸ் தீவின் கைரீனியா அருகே 1965ஆம் ஆண்டில் கடலடியில் கண்டுபிடிக்கப்பட்ட கிரேக்க வணிகக் கப்பல் கி.மு. நான்காம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. அதன் அடிப்பாகம் ஈயத்தகட்டால் மூடப்பட்டிருந்தது. ரோமானியரும் இம்முறையைக் கையாண்டனர்.

பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்து இதே முறைக்கு மீண்டும் உயிர் கொடுத்தது. உருளைகளுக்கிடையே அழுத்தித் தட்டையாக்கிய ஈயத்தகட்டை 1670களில் சில போர்க்கப்பல்களுக்குப் பொருத்தினார்கள். ஆனால் விரைவில் புகார்கள் எழுந்தன. ஈயம் கனமானது; எளிதில் கழன்றும் விழுந்தது. அத்துடன், ஈயம் போர்த்திய கப்பல்களில் சுக்கானைத் தாங்கும் இரும்புக் கீல்கள் அளவுக்கு மீறி விரைவாக அரிக்கப்பட்டன. காரணம் யாருக்கும் விளங்கவில்லை. இங்கிலாந்துக் கடற்படை ஈயத்தைக் கைவிட்டது. கேள்விக்கு மட்டும் விடை கிடைக்கவில்லை.

பழுப்புக் காகிதம் சொன்ன செய்தி

அடுத்த முயற்சி செம்பு. 1761ஆம் ஆண்டில் அலார்ம் என்னும் 32 பீரங்கிப் போர்க்கப்பலின் அடிப்பாகம் முழுவதும் மெல்லிய செப்புத்தகடுகளால் மூடப்பட்டது. கப்பல் புழு மிகுந்த மேற்கிந்தியத் தீவுக் கடலுக்கு அக்கப்பலை அனுப்பினார்கள். அது திரும்பி வந்ததும் 1763ஆம் ஆண்டில் உலர்துறையில் ஏற்றிச் சோதித்தார்கள்.

முடிவு மகிழ்ச்சியும் அதிர்ச்சியும் கலந்ததாக இருந்தது. செம்பு இருந்த இடங்களில் புழு துளைக்கவில்லை. எதிர்பாராத நன்மையாக, பாசியும் கொட்டலசும் அநேகமாக ஒட்டவே இல்லை. ஆனால் செம்பைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு ஆணிகளும் முளைகளும் அரித்துத் தின்னப்பட்டு, பிசைந்த மாவுபோல் ஆகியிருந்தன. கப்பலின் பலகைகளைப் பிணைத்து வைத்திருப்பவை அந்த இரும்புகளே அல்லவா?

இதில் ஒரு புதுமையும் இருந்தது. சில ஆணிகள் மட்டும் பழுதில்லாமல் இருந்தன. உற்றுப் பார்த்தபோது அவற்றுக்கும் செம்புக்கும் இடையே பழுப்புக் காகிதம் இருப்பது தெரிந்தது. செப்புத்தகடுகளைச் சுற்றிக் கொண்டுவந்த காகிதம் அது. தகடு அடித்தவர்கள் சில இடங்களில் அதை நீக்காமல் அப்படியே விட்டுவிட்டிருந்தனர். காகிதம் இருந்த இடத்தில் இரும்பு பிழைத்தது. இல்லாத இடத்தில் அழிந்தது. ஆகவே இரும்பும் செம்பும் கடல்நீரில் ஒன்றையொன்று தொடக்கூடாது என்று சோதனை செய்தவர்கள் முடிவு கூறினர்.

முடிவு சரியானதே. ஆனால் ஏன் தொடக்கூடாது என்பதைச் சொல்ல அன்றைய அறிவியலுக்கு வழியில்லை. கால்வானி தம் தவளைச் சோதனைகளை வெளியிட்டது 1791ஆம் ஆண்டில். வோல்ட்டா தம் மின்னடுக்கை உலகுக்கு அறிவித்தது 1800ஆம் ஆண்டில். அலார்ம் கப்பல் அதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் முன்பே ஒரு மாபெரும் மின்கலமாகக் கடலில் மிதந்துகொண்டிருந்தது!

கப்பல் ஒரு மின்கலம்

மேனிலைப் பள்ளி மாணவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒவ்வோர் உலோகத்துக்கும் அயனியாக மாறிக் கரைசலுக்குள் செல்லும் போக்கு ஒன்று உண்டு. அதை அதன் மின்முனை அழுத்தம் காட்டுகிறது. துத்தநாகத்துக்கு −0.76 வோல்ட், இரும்புக்கு −0.44 வோல்ட், செம்புக்கு +0.34 வோல்ட். கடல்நீரில் இந்த எண்கள் மாறும். ஆனால் இம்மூன்றின் வரிசை மாறாது. இரண்டு உலோகங்களை ஒன்றோடொன்று தொடவைத்து உப்பு நீரில் அமிழ்த்தினால், வரிசையில் தாழ்ந்த உலோகம் கரையும். உயர்ந்த உலோகம் காக்கப்படும். அலார்ம் கப்பலில் இரும்பு கரைந்து செம்பைக் காத்தது.

பரப்பளவும் இங்கே முக்கியம். செம்பின் பரப்பு மிகப் பெரியது. ஆணிகளின் பரப்போ மிகச் சிறியது. பெரிய செம்புப் பரப்பில் நடக்கும் வினை முழுவதற்கும் ஈடான எலக்ட்ரான்களைச் சிறிய ஆணிகளே தரவேண்டியிருந்தது. அதனால்தான் அவை அத்துணை வேகமாக அழிந்தன. ஈயத்தகடு போர்த்திய கப்பல்களின் சுக்கான் கீல்கள் அரிக்கப்பட்டதற்கும் இதுவே காரணம். ஈயமும் இரும்பைவிட உயர்ந்த இடத்தில் உள்ள உலோகமே.

சிறு சோதனை ஒன்றால் இதை நீங்களே காணலாம். இரண்டு கண்ணாடிக் கோப்பைகளில் உப்பு நீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் தனி இரும்பு ஆணியையும், மற்றதில் செப்புக் கம்பி இறுகச் சுற்றிய ஆணியையும் இடுங்கள். சில நாள்களில் எந்த ஆணி விரைவாகத் துருவேறுகிறது என்பது தெரிந்துவிடும்.

போரின் நெருக்கடி

செம்பின் நன்மை தெரிந்தும் இங்கிலாந்துக் கடற்படை தயங்கியது. 1764ஆம் ஆண்டில் செம்பு போர்த்தப்பட்ட டால்பின் என்னும் கப்பல் இருமுறை உலகைச் சுற்றி வந்தது. ஆனால் 1768ஆம் ஆண்டில் புறப்பட்ட கேப்டன் குக்கின் எண்டெவர் கப்பலுக்குச் செம்பு பொருத்தவில்லை. ஆணிகள் நெருக்கமாக அடித்த கூடுதல் மரப்பலகையையே போர்த்தி அனுப்பினார்கள்.

தயக்கத்தை உடைத்தது போர். அமெரிக்க விடுதலைப் போரில் பிரான்சும், 1779ஆம் ஆண்டில் ஸ்பெயினும் எதிரணியில் சேர்ந்தன. கப்பல்களின் எண்ணிக்கையில் இங்கிலாந்து பின்தங்கியது. உடனே புதிய கப்பல்களைக் கட்ட முடியாது. இருக்கும் கப்பல்களை வேகமாக ஓடச் செய்யலாம். அடிப்பாகத்தைச் சுரண்டுவதற்காக அவை துறைமுகத்தில் முடங்கிக் கிடக்கும் நாள்களையும் குறைக்கலாம். கடற்படை நிர்வாகத்தின் பொறுப்பிலிருந்த சார்லஸ் மிடில்டன் இதை வற்புறுத்தினார். 1779ஆம் ஆண்டில் தொடங்கிச் சில ஆண்டுகளுக்குள் 300க்கும் மேற்பட்ட கப்பல்களுக்குச் செம்பு போர்த்தப்பட்டது. காகிதத்தை இடையில் வைத்து இரும்பைக் காத்துவிடலாம் என்று நம்பினார்கள்.

கடலில் ஆண்டுக்கணக்கில் உழைக்கும் கப்பலில் காகிதம் எத்தனை நாள் தாங்கும்? தகடு அசையும்; காகிதம் கிழியும்; கசிவு தொடங்கும். ஆணி உள்ளுக்குள் அழிவதை வெளியிலிருந்து காணவும் இயலாது, ஏனெனில் அதைச் செம்பே மறைத்துக்கொண்டிருக்கும். 1782ஆம் ஆண்டு செப்டம்பரில் அட்லாண்டிக் கடலில் வீசிய கடும் புயலில் இங்கிலாந்து பல பெரிய கப்பல்களையும் ஆயிரக்கணக்கான மாலுமிகளையும் இழந்தது. இழப்புக்குப் புயலே முதற்காரணம். ஆயினும் அரித்துப்போன ஆணிகளைப் பற்றிய அச்சமும் வலுத்தது.

இதற்குத் தீர்வு 1783ஆம் ஆண்டில் கிடைத்தது. செம்பை உருளைகளில் அழுத்தி இரும்புபோல் உறுதியாக்கி, அதனாலேயே முளைகளைச் செய்யும் முறை உருவாயிற்று. தகடும் செம்பு, முளையும் செம்பு என்றான பிறகு மின்கலம் எங்கே இருக்கும்? மின்னோட்டம் என்றால் என்ன என்று தெரியாமலே, பட்டறிவால் மட்டுமே பெற்ற வெற்றி இது. செப்பு அடிப்பாகம் கொண்டது என்று பொருள்படும் சொல், உறுதியானது, நம்பத்தக்கது என்னும் பொருளில் இன்றும் ஆங்கிலத்தில் வழங்கி வருகிறது.

டேவியின் வெற்றியும் தோல்வியும்

செம்பு விலைமிக்கது. அது கடல்நீரில் மெல்ல மெல்லக் கரைந்தது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய தகடு தேவைப்பட்டது. இந்தச் செலவைத் தவிர்க்க வழி உண்டா என்று கடற்படை அறிவியலாரைக் கேட்டது. அப்போது இலண்டன் ராயல் கழகத்தின் தலைவராக இருந்தவர் சர் ஹம்ப்ரி டேவி. மின்னாற்பகுப்பின் மூலம் சோடியம், பொட்டாசியம் ஆகிய தனிமங்களைப் பிரித்தெடுத்தவர் அவர். சுரங்கத் தொழிலாளருக்குக் காப்பு விளக்குத் தந்தவரும் அவரே.

அலார்ம் கப்பலில் எதிரியாக இருந்த அதே விளைவை டேவி நண்பனாக மாற்ற நினைத்தார். இரும்பு கரைந்து செம்பைக் காக்கிறது அல்லவா? அப்படியானால் கப்பலைப் பிணைக்கும் ஆணியை விட்டுவிட்டு, கரைவதற்கென்றே தனியாக ஓர் இரும்புத் துண்டையோ துத்தநாகத் துண்டையோ செம்பின்மேல் பொருத்தினால் என்ன? 1824ஆம் ஆண்டு ஜனவரியில் ராயல் கழகத்தில் இதைப் பற்றிய தம் கட்டுரையைப் படித்தார். பட்டாணி அளவுத் துத்தநாகம் நாற்பது ஐம்பது சதுர அங்குலச் செம்பைக் காத்துவிடுகிறது என்று அவர் காட்டினார். இந்தச் சோதனைகளில் மைக்கேல் பாரடேயும் அவருக்கு உதவினார்.

கப்பல்களில் சோதனை தொடங்கியது. அவற்றுள் ஒன்றான சமராங் நம் நாட்டோடு தொடர்புடையது. கொச்சியில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டு 1822ஆம் ஆண்டில் நீரில் இறக்கப்பட்ட கப்பல் அது. 1824ஆம் ஆண்டில் அதன் முன்புறத்திலும் பின்புறத்திலும் வார்ப்பிரும்புக் காப்புத் துண்டுகள் பொருத்தப்பட்டன. கப்பல் அட்லாண்டிக்கைக் கடந்து நோவாஸ்கோஷியாவுக்குச் சென்று திரும்பியது. செம்பு பெரும்பாலும் கெடாமல் இருந்தது.

டேவியின் கணக்கு துளியும் பிசகவில்லை. ஆனால் காப்புப் பொருத்திய மற்றக் கப்பல்களிலிருந்து வேறு செய்தி வந்தது. செம்பு பளபளவென்று கெடாமல் இருந்தது. அதன்மேல் பாசியும் கொட்டலசும் கொழித்து வளர்ந்திருந்தன! கப்பல்கள் பழையபடி ஊர்ந்தன. 1825ஆம் ஆண்டிலேயே கடலில் ஓடும் கப்பல்களிலிருந்து காப்புத் துண்டுகளை அகற்றுமாறு கடற்படை ஆணையிட்டது. செய்தித்தாள்கள் டேவியை எள்ளி நகையாடின. உடல்நலம் குன்றி, 1829ஆம் ஆண்டில் ஜெனீவாவில் அவர் காலமானார்.

நடந்தது என்ன? செம்பு உலோகமாக இருக்கும்போது கொட்டலசுக்கு அது வெறும் பரப்புதான். செம்பு கரைந்து அயனியாக வெளிவரும்போதுதான் அது நஞ்சு. கரையாமல் காத்துவிட்டால் நஞ்சும் இல்லை. அதுமட்டுமன்று, காக்கப்பட்ட செம்பின் பரப்பை ஒட்டிய நீர் காரத்தன்மை பெறுகிறது. அதனால் சுண்ணாம்பும் மக்னீசியமும் கலந்த படிவு செம்பின்மேல் படிகிறது. உயிர்கள் ஒட்டிக்கொள்ள அது நல்ல தளமாக அமைந்துவிடுகிறது. கடற்படை எதை வீண்செலவு என்று கருதியதோ, அதுவே மருந்தாக இருந்தது. செம்பு அழிவதால்தான் கப்பல் தூய்மையாக இருந்தது.

ஆயினும் டேவியின் கருத்து வீணாகவில்லை. அவர் கண்ட முறையே இன்று கப்பல்களின் எஃகு உடலையும், மண்ணுக்கடியில் செல்லும் எண்ணெய்க் குழாய்களையும் அரிப்பிலிருந்து காக்கிறது. துறைமுகத்தில் உலர்துறை ஏறிய கப்பலின் அடிப்பாகத்தில் துத்தநாகக் கட்டிகளைக் கண்டால், அவை டேவியின் பட்டாணித் துத்தநாகத்தின் வழிவந்தவை என்று அறியலாம்.

இரும்புக் கப்பலும் நஞ்சுப் பூச்சும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இரும்புக் கப்பல்கள் வந்தன. கப்பல் புழுவின் கதை முடிந்தது. ஆனால் ஒட்டுயிர்களின் தொல்லை பன்மடங்காயிற்று. இரும்பு உடலின்மேல் செப்புத்தகட்டை அடிக்க முடியாது. அடித்தால் ஆணி மட்டுமன்றி, கப்பலே கரையும். 1868ஆம் ஆண்டில் நீரில் இறக்கப்பட்ட இன்கான்ஸ்டன்ட் என்னும் இங்கிலாந்துப் போர்க்கப்பலில், இரும்பின்மேல் மரப்பலகையைப் போர்த்தி, அதன்மேல் செம்பை அடித்தார்கள். பழுப்புக் காகிதம் செய்த வேலையைக் கனத்த மரம் செய்தது! செலவோ மிக அதிகம்.

எனவே தகட்டை விட்டுப் பூச்சுக்குத் திரும்பினர். செம்பின் சேர்மங்களைப் பிசினிலும் எண்ணெயிலும் கலந்து பூசினால், நஞ்சு சிறிது சிறிதாக நீரில் கசியும். 1860ஆம் ஆண்டில் மக்கின்னஸ் என்பவர் செப்புச் சேர்மம் கலந்து சூடாகப் பூசும் பூச்சு ஒன்றை உருவாக்கினார். இரும்பை நஞ்சுப் பூச்சு நேரடியாகத் தொடாதிருக்க இடையில் காப்புப் பூச்சு ஒன்றைப் பூசும் வழக்கமும் ஏற்பட்டது. காகிதத்தின் வேலையை இப்போது வண்ணப்பூச்சு ஏற்றுக்கொண்டது.

ஒட்டுயிர்களால் எவ்வளவு இழப்பு என்பதை அளக்கவும் இக்காலத்தில்தான் தொடங்கினார்கள். வில்லியம் புரூட் என்னும் பொறியியலார் இங்கிலாந்தின் டார்க்கி நகரில் நீண்ட நீர்த்தொட்டி ஒன்றை அமைத்தார். 1870களின் தொடக்கத்தில், மெல்லிய பலகைகளை அதில் இழுத்து நீரின் உராய்வை அளந்தார். வார்னிஷ் பூசிய 50 அடிப் பலகையைவிட, துணி ஒட்டிய அதே அளவுப் பலகைக்கு ஏறத்தாழ இருமடங்கு தடை இருந்தது. ஒரு துணியின் சொரசொரப்பே இவ்வளவு செய்யுமானால், கொட்டலசுக் கூடுகள் என்ன செய்யும் என்று எண்ணிப் பாருங்கள்.

மிகச் சிறந்த நஞ்சு

செப்புப் பூச்சுகள் ஓரிரு ஆண்டுகளே பயன் தந்தன. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இதைவிட ஆற்றல்மிக்க நஞ்சு ஒன்று கிடைத்தது. அது டிரைபியூட்டைல் டின் எனப்படும் கரிம வெள்ளீயச் சேர்மம். 1970களில் இதைப் பாலிமருடன் வேதிப்பிணைப்பில் இணைத்த புதுவகைப் பூச்சு வந்தது. கப்பல் ஓட ஓடப் பூச்சின் மேலடுக்கு சீராகக் கரைந்து, எப்போதும் புதிய பரப்பு வெளிப்பட்டுக்கொண்டே இருக்கும். ஐந்து ஆண்டுகள்வரை கப்பலின் அடிப்பாகம் தூய்மையாக இருந்தது. எரிபொருள் மிச்சமாயிற்று. இதைவிட வேறென்ன வேண்டும் என்று கப்பல் முதலாளிகள் மகிழ்ந்தனர்.

பிரான்சின் மேற்குக் கரையில் ஆர்க்கஷோன் என்னும் விரிகுடா இருக்கிறது. சிப்பி வளர்ப்பே அங்குள்ளவர்களின் வாழ்வு. பொழுதுபோக்குப் படகுகளும் ஏராளமாக நிற்கும் இடம் அது. 1970களின் இறுதியில் அங்கே சிப்பிக் குஞ்சுகள் பிறப்பது குன்றியது. வளர்ந்த சிப்பிகளின் ஓடுகளோ தடித்து உருக்குலைந்து, உள்ளே சதையின்றி விற்பனைக்கு உதவாமல் போயின. சிப்பி வளர்ப்போர் பலர் தொழிலை இழந்தனர். படகுகளின் பூச்சிலிருந்து கசிந்த வெள்ளீயச் சேர்மமே காரணம் என்று ஆராய்ச்சி காட்டியது. 25 மீட்டருக்குக் குறைந்த படகுகளில் இப்பூச்சைப் பயன்படுத்துவதற்கு பிரான்ஸ் 1982ஆம் ஆண்டில் தடை விதித்தது. 1987ஆம் ஆண்டில் பிரிட்டனும் 1988ஆம் ஆண்டில் அமெரிக்காவும் இதைப் பின்பற்றின.

இங்கிலாந்துக் கரையில் பாறைகளில் வாழும் ஒருவகை நத்தையிலும் விபரீதம் காணப்பட்டது. பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்புகள் முளைத்தன. முட்டையிட முடியாமல் அவை அழிந்தன. இந்த விளைவு தொடங்குவதற்கு ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ ஒரு நானோகிராம் நஞ்சே போதும். இது எவ்வளவு சிறிய அளவு? ஒரு கிலோமீட்டர் நீளமும் ஒரு கிலோமீட்டர் அகலமும் ஒரு மீட்டர் ஆழமும் கொண்ட ஏரியைக் கற்பனை செய்யுங்கள். அதில் நூறு கோடி லிட்டர் நீர் இருக்கும். அந்த ஏரி முழுவதிலும் ஒரே ஒரு கிராம் நஞ்சைக் கலந்தால் கிடைக்கும் அடர்த்திதான் அது.

உலகளாவிய தடை வருவதற்கு மேலும் காலம் ஆயிற்று. பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2001ஆம் ஆண்டு அக்டோபரில் ஓர் உடன்படிக்கையை ஏற்றது. அது நடைமுறைக்கு வந்தது 2008ஆம் ஆண்டு செப்டம்பரில். சைபுட்ரின் என்னும் வேறொரு பாசிக்கொல்லிக்கும் 2023ஆம் ஆண்டில் தடை வந்தது. இன்று பெரும்பாலான கப்பல்கள் மீண்டும் செப்புச் சேர்மப் பூச்சுக்கே திரும்பியுள்ளன. 1761இல் தொடங்கிய பயணம் சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்கிறது!

நஞ்சில்லாத வழி ஒன்றும் உண்டு. சிலிக்கோன் பூச்சுகளின் பரப்பு ஆற்றல் மிகக் குறைவு. உயிர்கள் அதில் ஒட்டினாலும் இறுகப் பற்றுவதில்லை. கப்பல் வேகமாக ஓடும்போது நீரின் இழுப்பிலேயே உதிர்ந்துவிடும். ஆனால் துறைமுகத்தில் அசையாமல் நிற்கும் கலத்துக்கு இதனால் முழுப்பயன் இல்லை.

பூச்சே வேண்டாம், ஒட்டினால் ஒட்டிவிட்டுப் போகட்டும் என்றும் விட்டுவிட முடியாது. ஒட்டுயிர்கள் கப்பலேறி நாடு விட்டு நாடு செல்கின்றன. தென் அமெரிக்கக் கடலுக்குரிய ஒருவகை மட்டி அண்மை ஆண்டுகளில் கேரளத்துக் காயல்களிலும், நம் எண்ணூர், பழவேற்காடு நீர்நிலைகளிலும் பரவியுள்ளது. கப்பல்களின் வழியாகவே வந்திருக்கக்கூடும் என்று கருதப்படுகிறது. எண்ணூர் மீனவர்கள் அதைக் காக்கா ஆழி என்கிறார்கள். அடிமண்ணைக் கம்பளம்போல் மூடி, இறாலும் நண்டும் வாழும் இடத்தை அது பறித்துக்கொள்கிறது.

ரப்பர்ப் படகுக்கு என்ன செய்வது?

இனி நம் ரப்பர்ப் படகுக்கு வருவோம். இதுவரை கண்ட சிக்கல்கள் அனைத்தும் இச்சிறு படகில் ஒன்றுகூடி நிற்கின்றன. செப்புத்தகட்டை இதில் அடிக்க இயலாது. கப்பலுக்குப் பூசும் கடினமான பூச்சைப் பூசினால், காற்றை இறக்கி மடிக்கும்போதும் அலையில் வளையும்போதும் அது வெடித்து உதிரும். ஆகவே துணியோடு சேர்ந்து வளையும் தனிப்பூச்சு வேண்டும். அடிப்பாகம் அலுமினியத்தால் ஆன படகு என்றால், செம்பு கலந்த பூச்சு இன்னும் ஆபத்து. அலுமினியம் இரும்பைவிடவும் தாழ்ந்த இடத்தில் உள்ள உலோகம். அலார்ம் கப்பலின் ஆணிகளுக்கு நேர்ந்த கதி இப்படகின் அடித்தகட்டுக்கு நேரும். சிலிக்கோன் பூச்சும் கட்டியே கிடக்கும் படகுக்கு முழுப்பயன் தராது. நஞ்சோ, ஆழமற்ற துறைமுக நீரிலேயே தங்கிவிடும். ஆர்க்கஷோனில் நிகழ்ந்தது அதுதான்.

இந்நிலையில் மிகச் சிறந்த தீர்வு மிக எளியது. வேலை முடிந்ததும் படகை நீரிலிருந்து தூக்கிவிடுவதுதான் அது. முதல் நாள் படியும் சளி அடுக்கை நன்னீரால் கழுவிக் காயவிட்டால் போதும். அடுத்து வரும் கொட்டலசுக் குஞ்சு ஒட்டி வளர வாய்ப்பே இல்லை. ஐம்பதாயிரம் டன் கப்பலை அன்றாடம் கரையேற்ற முடியாது. ரப்பர்ப் படகை இருவர் தூக்கிவிடலாம். சிறியதாக இருப்பதே அதன் பலம். நம் கரையோர மீனவர்கள் இதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்திருக்கிறார்கள். கடலிலிருந்து திரும்பியதும் கட்டுமரத்தைக் கரையேற்றி வெயிலில் உலரவிடுவது அவர்கள் வழக்கம். மரம் நீரூறிக் கனக்காமல் இருப்பதற்காகச் செய்த அவ்வேலை, ஒட்டுயிர்களையும் புழுவையும் சேர்த்தே விரட்டியது.

ஒட்டுயிர்களின் மறுபக்கம் ஒன்றையும் குறிப்பிட வேண்டும். 1982ஆம் ஆண்டில் ஸ்டீவன் கல்லஹன் என்னும் அமெரிக்கரின் பாய்ப்படகு அட்லாண்டிக்கில் மூழ்கியது. காற்றடைத்த ரப்பர் மிதவையில் அவர் தன்னந்தனியாக 76 நாள்கள் மிதந்தார். மிதவையைச் சுற்றி ஒட்டுயிர்களும் மீன்களுமாக ஒரு சிறு உலகமே கூடிப் பல நூறு கல் தொலைவு அவருடன் பயணம் செய்தது. அந்த மீன்களையும் கொட்டலசுகளையும் உண்டே அவர் உயிர் பிழைத்தார். கப்பலுக்குச் சுமையானது அவருக்கு உணவாயிற்று.

ஆக, இவ்வுயிர்கள் நம் பகைவரல்லர். கிடைத்த இடத்தில் பற்றிக்கொண்டு வாழ்வது அவற்றின் இயல்பு. பற்றவிடாமல் செய்வது நம் தேவை. இரும்பைக் காத்தோமா, செம்பைக் காத்தோமா, கப்பலைக் காத்தோமா என்று மூன்று நூற்றாண்டுகளாகக் கணக்குப் பார்த்த நாம், அந்தக் கணக்கில் கடலையும் ஓர் இனமாகச் சேர்த்தது மிகவும் அண்மையில்தான். அடுத்து வரும் பூச்சு எதுவாக இருந்தாலும், அது எதைக் காக்கிறது என்பதோடு, அதிலிருந்து கரைந்து போவது எங்கே போய்ச் சேருகிறது என்பதையும் முதலிலேயே கேட்கவேண்டும். அந்தக் கேள்விக்கு விடை காண்பவர்கள் இன்று பள்ளியிலும் கல்லூரியிலும் வேதியியலும் உயிரியலும் பயிலும் மாணவர்களாக இருக்கலாம்.